இலத்தீன் தாவரப் பெயர்களில் தமிழ்நிலத் தடங்கள்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் செடிகொடிகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழாய்வுகளில் செடிகொடிகளின் பெயருக்கு அருகே இலத்தீன் பெயரை எழுதுவது நிலைபெற்ற வழக்கமாகிவிட்டது. ஆனால் அப்பெயரின் பொருளும் தோற்றமும் பெரும்பாலும் வினவப்படுவதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வளரும் செடிகொடிகள் சிலவற்றின் இலத்தீன் பெயர்களை இக்கட்டுரை எடுத்துக்கொண்டு, அவற்றில் இந்நிலத்துச் சொற்களும் ஊர்ப்பெயர்களும் இடம்பெற்ற வரலாற்றை ஆராய்கிறது. இலத்தீன் பெயரை முடிந்த விடையாகக் கொள்ளாமல், இன்னார் இன்ன மொழியில் கேட்டு இன்ன செடிக்கு இட்டது என்று கூறும் வரலாற்று ஆவணமாகக் கொள்ள வேண்டும் என்பது இதன் கருத்து. அவ்வாறு கொள்ளாதபோது செடியை அடையாளங்காண்பதிலும் சொல்லுக்கு வேர் காட்டுவதிலும் நேரும் பிழைகளை இது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: இலத்தீன் தாவரப் பெயர், பேரினம், சிற்றினம், சொற்பிறப்பு, மலபார்த் தாவர நூல், புங்கம், கீழாநெல்லி, பெரம்பலூர், அரியலூர்.

1. முன்னுரை

சங்க இலக்கியச் செடிகொடிகளை நவீனத் தாவரவியலோடு இணைத்துக் காணும் முயற்சி தமிழில் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்', கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' ஆகிய நூல்கள் இத்துறைக்கு அடித்தளம் இட்டன. பின்வந்த ஆய்வேடுகள் பலவும் இவற்றினின்று இலத்தீன் பெயர்களை எடுத்தாள்கின்றன. அவ்வாறு எடுத்தாளும்போது இரண்டு குறைகள் நேர்கின்றன. முதலாவது, முன்னோடிகள் தம் காலத்து வகைப்பாட்டின்படி எழுதிய பெயரை, அது மாறிவிட்டதா என்று பாராமலே மீண்டும் எழுதுவது. இரண்டாவது, அப்பெயரை எழுதிய அளவிலேயே செடியின் அடையாளம் உறுதியாகிவிட்டதாக எண்ணுவது.

'பாலை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இன்று இச்சொல்லைத் தாங்கிய மரங்கள் பல. உலக்கைப்பாலை மணில்காரா ஹெக்சாண்ட்ரா எனப்படும். வெட்பாலை ரைட்டியா டிங்க்டோரியா எனப்படும். ஏழிலைப்பாலை அல்ஸ்டோனியா ஸ்காலரிஸ் எனப்படும். முதலாவது இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏனைய இரண்டும் அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிள்ளினால் பால் வடிவதே மூன்றுக்கும் பொதுவானது. தமிழ்ப் பெயர் அப்பாலை நோக்கி இடப்பட்டது; இலத்தீன் வகைப்பாடு மலரின் அமைப்பை நோக்கி எழுந்தது. ஆதலால் பழம்பாடலில் வரும் 'பாலை'க்கு எதிரே ஒற்றை இலத்தீன் பெயரை எழுதும் ஆய்வாளர் அங்கே ஒரு தீர்ப்பையே வழங்குகிறார். தீர்ப்புக்குச் சான்று வேண்டும்.

இக்கட்டுரை பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைக் களமாகக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. மானாவாரிப் புன்செய், முட்புதர்க்காடு, ஏரிக்கரை, முந்திரிக்காடு என இங்குள்ள நிலப்பரப்பில் வளர்பவை யாவரும் அறிந்த செடிகளே. அரிய மூலிகைகளைக் காட்டிலும் அறிந்த செடியின் பெயரில் நாம் அறியாதது எவ்வளவு என்பதைக் காட்டுவதே இங்கு நோக்கம்.

2. கேட்ட சொல்லும் எழுதிய சொல்லும்

தென்னிந்தியச் சொற்கள் இலத்தீன் பெயர்களுள் நுழைந்த முதன்மை வாயில், கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீட் தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் மலபார்த் தாவர நூலாகும். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக இது வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் மருத்துவரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோரும் செடிகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்தனர். செடிகளின் மலையாளப் பெயர்கள் உரோமன் எழுத்திலும் பதிவாயின. ஐரோப்பியத் தாவரவியலார் பின்னாளில் எடுத்துக்கொண்டவை அவ்வுரோமன் எழுத்து வடிவங்களே.

எடுத்துக்கொள்வது எளிதாக நிகழவில்லை. தாவரப் பெயரிடலுக்கு இலக்கணம் வகுத்த லின்னேயஸ், 1737இல் வெளியிட்ட 'கிரிட்டிகா பொட்டானிகா' என்னும் நூலில், கிரேக்க, இலத்தீன் வேரில்லாத பேரினப் பெயர்களைத் தள்ள வேண்டும் என்று விதித்தார். 1753இல் வெளியான 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்' நூலில் அவர் செய்தது இவ்விதியோடு ஒப்பிட்டுக் காணத்தக்கது. முருங்கையை அவர் கிலாண்டினா மொரிங்கா என்றார். பேரினப் பெயர் ஓர் ஐரோப்பியத் தாவரவியலாரின் பெயரால் அமைய, 'முருங்கை' என்னும் சொல் சிற்றினப் பெயராக இரண்டாமிடத்தில் அமர்ந்தது. ஆடாதோடையை ஜஸ்டிசியா அதாதோடா என்றார். ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞர் ஜேம்ஸ் ஜஸ்டிஸ் முதலிடம் பெற, நம் சொல் இரண்டாமிடம் பெற்றது. ஆயினும் விதியை அவர் முற்றும் காக்கவில்லை. பாவட்டையைப் பவெட்டா இண்டிகா எனவும், பாக்கினை அரெகா கேட்டச்சு எனவும் எழுதியபோது, நம் நிலத்துச் சொற்கள் பேரினப் பெயர்களாகவே நின்றன. 'அரெகா' என்பது 'அடைக்காய்' என்னும் சொல் போர்த்துகீசியர் வாய்வழிச் சென்றமைந்த வடிவம்.

இவ்விதியை எதிர்த்தவர்கள் பிரான்சு நாட்டுத் தாவரவியலார். மிஷேல் அதான்சன் 1763இல் வெளியிட்ட தாவரக் குடும்பங்கள் பற்றிய நூலில், செடி வளரும் நிலத்து மக்கள் வழங்கும் பெயரையே பேரினப் பெயராக ஏற்றார். முருங்கை 'மொரிங்கா' என்னும் பேரினமானதும், பாலையினம் 'மணில்காரா' ஆனதும் அவரால்தான். புங்கத்தை அவர் 'பொங்கம்' என்றே எழுதினார். 'பொங்காமியா' என்பது பின்னர் இலத்தீன் ஈறு சேர்த்துத் திருத்திய வடிவம். லமார்க் அலங்கியை 'அலாஞ்சியம்' ஆக்கினார். ஜுசியே 1789இல் காக்கத்தொடலியை 'டொடாலியா' ஆக்கினார். தமிழில் மிளகரணை என வழங்கும் முட்கொடி இதுவே. ஆகவே புங்கமும் முருங்கையும் இன்று உலகெங்கும் நம் சொல்லைத் தாங்கி நிற்பது, பெயரிடல் பற்றி ஐரோப்பாவுக்குள் நிகழ்ந்த கருத்து மாறுபாட்டின் விளைவு. தமிழின் தொன்மையால் தானே விளைந்ததன்று இது.

பெயர் சொன்னவர்கள் பெயரில் இடம்பெற்றது அரிதினும் அரிது. கறிவேப்பிலையின் சிற்றினப் பெயரான 'கோனிகி', 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த லின்னேயஸின் மாணவர் கோனிக்கைக் குறிப்பது. அதற்கு வழங்கிய பெர்கெரா, முர்ரயா என்னும் இரு பேரினப் பெயர்களும் ஐரோப்பியர் இருவரைச் சுட்டுவன. இட்டி அச்சுதனுக்கு மட்டும் புளூமே என்னும் தாவரவியலார் 'அச்சுதேமியா' என்னும் பேரினப் பெயரால் பிற்காலத்தில் சிறப்புச் செய்தார்.

3. ஒலித்திரிபும் வேர்ச்சொல் உரிமையும்

மேற்கண்ட செய்திகளைக் கொண்டு 'இலத்தீன் பெயர்களில் தமிழ்' என்று முழங்கும் எழுத்துகள் இன்று பெருகியுள்ளன. இவற்றில் மூன்று கவனக்குறைவுகள் காணப்படுகின்றன.

ஒன்று, மலபார் நூலின் வழிச் சென்றவை மலையாளச் சொற்கள். 'முருங்கை' தமிழில் ஐகார ஈறு கொண்டது. 'மொரிங்கா' என்பதன் அகர ஈறு 'முரிங்ங' என்னும் மலையாள வடிவத்தோடு ஒத்துப்போகிறது. 'பவெட்டா'வும் அத்தகையதே. இவற்றைத் தமிழ் என்று மட்டும் கூறுவது பிழை. தமிழுக்குத் தொடர்பில்லை என்பதும் பிழை. 'மலையாளம் வழி, தமிழில் இணைச்சொல் உண்டு' என்று எழுதுவதே சான்றுக்கு உட்பட்ட கூற்றாகும்.

இரண்டு, எழுத்துப்பெயர்ப்பு இடைத்தரகர்களின் செவியைப் பொறுத்தது. 'கீழாநெல்லி'யின் மலையாள வடிவத்தை மலபார் நூல் 'கிர்கனெலி' என்று பதிவுசெய்தது. ழகரம் அங்கே ரகரமாயிற்று. 'வெற்றிலை' போர்த்துகீசியர் வாயில் வகரம் பகரமாகி, றகர இரட்டை ஒற்றைத் டகரமாகிப் 'பைப்பர் பெட்லே' என நின்றது. இத்திரிபுகளுக்கு ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கைக் காட்டாமல் ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு வேர் காண்பது சொற்பிறப்பாய்வு ஆகாது. அழிஞ்சில் மரத்தின் 'அலாஞ்சியம்' என்னும் பெயரை 'அழிஞ்சில்' என்னும் சொல்லினின்று வருவிப்பதைக் காண்கிறோம். அதே மரத்துக்கு 'அலங்கி' என்னும் பெயரும் வழங்குகிறது. இலத்தீன் வடிவத்துக்கு நெருங்கியது அதுவே.

மூன்று, மக்கள் கூறும் பொருள் விளக்கத்தைச் சொற்பிறப்பாகக் கொள்வது. ஆடாதோடையை 'ஆடு தொடாதது' என்று பிரித்துப் பொருள் கூறுவது பரவலான வழக்கு. ஆடுகள் அதனை மேய்வதில்லை என்பதும் உண்மையே. ஆனால் லின்னேயஸின் கையிலிருந்த தென்னாசியச் சான்றுகளுள் பால் ஹெர்மன் இலங்கையில் திரட்டிய உலர்தாவரத் தொகுப்பும் ஒன்று. அதனை அடிப்படையாகக் கொண்டே 1747இல் அவர் 'ஃப்ளோரா செய்லானிகா'வை எழுதினார். சிங்களத்திலும் இச்செடிக்கு இதே சொல் வழங்குகிறது. ஆகவே 'அதாதோடா'வின் தமிழ்ப்பொருளைக் கூறுமுன், அது எந்த மொழியாரின் வாயிலாக எழுத்தேறியது என்பதைக் கூற வேண்டும். பொருள் விளக்கம் மக்கள் வழக்காற்றியலுக்கு உரிய செல்வம். அதை அவ்வகையில் பதிவுசெய்வதில் தடையேதுமில்லை.

4. ஊர் பெற்ற பெயரும் ஊர் தந்த பெயரும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஊர்ப்பெயர்களை நோக்கினால் செடிகொடிச் சொற்கள் நிறைந்திருக்கக் காணலாம். ஆலத்தூர், வேப்பந்தட்டை, வேப்பூர், நொச்சியம், பூலாம்பாடி, விளாங்குடி எனப் பட்டியல் நீளும். பழுவேட்டரையர்கள் ஆண்ட பழுவூரில் 'பழு' என்பது ஆலமரத்தைக் குறிக்கும் என்பர். கீழப்பழுவூர்க் கோயில் ஆலந்துறை எனப்படுவது இதற்கு அரணாகிறது. ஏனைய ஊர்ப்பெயர்களையும் இவ்வாறு கல்வெட்டு, கோயில் வழக்கு ஆகியவற்றோடு ஒப்பிட்ட பின்னரே முடிவுகூறல் வேண்டும். எனினும் பொதுப்போக்கு தெளிவு: தமிழ்நிலத்தில் ஊர், அங்கு நின்ற மரத்தின் பெயரைப் பெற்றது.

இலத்தீன் பெயரிடலில் இது தலைகீழாகிறது. அங்கே செடி, அது கிடைத்த ஊரின் பெயரைப் பெறுகிறது. ஒதியமரம் லான்னியா கோரமண்டலிகா. காரைச்செடி காந்தியம் கோரமண்டலிகம். 'கோரமண்டல்' என்பது 'சோழமண்டலம்' ஐரோப்பியர் நாவில் திரிந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. கங்கைகொண்டசோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்துள் உள்ளது. சோழரின் தலைநகராய் இருந்த அவ்வூரைச் சூழ்ந்த புன்செய் வேலிகளில் நிற்கும் காரையும் ஒதியும், 'சோழமண்டலத்தது' என்னும் பெயரை வேற்றுமொழியில் தாங்கி நிற்கின்றன. இவ்வூர்க்காரருக்கு இச்செய்தி தெரிவதில்லை. தாவரவியல் மாணவர்க்கும் சொல்லப்படுவதில்லை.

முசுமுசுக்கையின் சிற்றினப் பெயரான 'மதராஸ்பட்டானஸ்' மதராசப்பட்டணத்தைக் குறிப்பது. அதன் பேரினப் பெயராக நெடுங்காலம் நின்ற 'முகியா', மலபார் நூலின் 'முக்கப்பீரி'யிலிருந்து வந்தது. ஒரு சிறு கொடியின் பெயரில் மேற்குக் கரையின் சொல்லும் கிழக்குக் கரையின் ஊரும் இணைந்திருந்தன.

ஊர்ப்பெயர் எப்போதும் செடியின் தாயகத்தைக் காட்டும் என எண்ணலாகாது. நம் புன்செய்களில் தொன்றுதொட்டு வளரும் இலந்தை, இலத்தீனில் ஜிஜிபஸ் மௌரிஷியானா. பெயரில் நிற்பது மொரீஷியசுத் தீவு. புளியோ இதற்கு நேர்மாறு. 'டாமரிண்டஸ்' என்பது 'இந்தியப் பேரீச்சை' எனப் பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து வந்தது; அதனோடு 'இண்டிகா' என்பதும் சேர்ந்து, இந்தியா இருமுறை கூறப்படுகிறது. அம்மரத்தின் தாயகமோ ஆப்பிரிக்கா. பெயரிட்டவரின் கைக்கு அம்மாதிரி எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே இப்பெயர்கள் சொல்லும்.

5. பெயரில் புலப்படும் பார்வை

செடியின் பெயர் அதனைப் பார்த்த கண்ணையும் காட்டும். புன்கின் உதிர்ந்த பூக்களைப் பொரிக்கு ஒப்பிடுவது சங்கப் புலவர் மரபு. இளவேனிலில் மணற்பரப்பில் சிதறிய பூக்களே அங்கே மரத்தின் அடையாளம். இலத்தீனில் அதே மரம் முன்பு 'கிளாப்ரா' எனப்பட்டது. மயிரற்ற, வழுவழுப்பான என்பது பொருள். இன்று 'பின்னேட்டா' எனப்படுகிறது. சிற்றிலைகள் இறகுபோல் அடுக்கியவை என்பது பொருள். ஒன்று பருவத்தைப் பார்க்கிறது. மற்றொன்று உலர்ந்த தாளிலும் மாறாத உறுப்பைப் பார்க்கிறது. உலர்தாவரத் தாளை வைத்துப் பெயரிடுபவர்க்குப் பூ உதிரும் காட்சி எட்டாதது இயல்பே.

இரு பார்வைகளும் நெருங்கிவரும் இடங்களும் உண்டு. ஃபில்லாந்தஸ் என்னும் பேரினப் பெயர் 'இலை', 'பூ' என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. சிறுகிளை முழுதும் கூட்டிலை போல் தோன்றுவதால் இலையில் பூ மலர்ந்ததாக எண்ணி இட்ட பெயர் அது. தமிழர் அதே கிளையைத் திருப்பிப் பார்த்துக் 'கீழாநெல்லி' என்றனர். காய்கள் கிளையின் அடிப்புறத்தே வரிசையாகத் தொங்குவதை அப்பெயர் நுட்பமாகப் பதிவுசெய்கிறது. இதுபோன்றே தேற்றாமரத்தின் பெயர் ஸ்ட்ரிக்னோஸ் பொட்டாடோரம். 'பொட்டாடோரம்' என்றால் 'குடிப்போருடைய' என்று பொருள். கலங்கிய நீர்ப்பானையின் உட்புறத்தே கொட்டையைத் தேய்த்துத் தெளியவைக்கும் வழக்கத்தையே இது சுட்டுகிறது. 'தேற்று' என்னும் தமிழ் வினையும் தெளிவித்தலையே உணர்த்துகிறது. இங்கே இலத்தீன் பெயர், சொல்லைக் கடன்பெறாமல் வழக்கத்தைக் கடன்பெற்றுள்ளது. வேர்ச்சொல்லை மட்டும் தேடும் ஆய்வுக்கு இவ்வகைக் கடன் புலப்படாது.

ஆண்டிமடம், செயங்கொண்டம், செந்துறைப் பகுதிகளின் வாழ்வாதாரமான முந்திரியின் பெயர் இன்னும் சுவையானது. அனகார்டியம் ஆக்சிடெண்டாலே என்பது அது. 'அனகார்டியம்' நெஞ்சுப்பையின் வடிவைக் குறிக்கும் கிரேக்க வேர் கொண்டது. லின்னேயஸுக்கு முன்னரே ஐரோப்பிய மருந்துக்கடைகளில் இச்சொல் நம் சேங்கொட்டைக்கு வழங்கிற்று. பிரேசிலிலிருந்து முந்திரி அறிமுகமானபோது, சேங்கொட்டையைக் 'கீழைநாட்டது' எனவும் முந்திரியை 'மேலைநாட்டது' எனவும் பிரித்துரைத்தனர். 'ஆக்சிடெண்டாலே' என்பதற்கு 'மேலைநாட்டது' என்பதே பொருள். பேரினப் பெயர் முந்திரிக்குப் போக, சேங்கொட்டைக்கு 'செமகார்ப்பஸ் அனகார்டியம்' என்னும் பெயர் வந்தது. 'செமகார்ப்பஸ்' என்றால் 'குறியிடும் கனி'. சலவைத்துணிக்குக் குறியிட அதன் சாறு பயன்பட்டது இதற்குக் காரணம். பிரேசிலிலிருந்து வந்த மரம் இந்திய மரத்தின் பழம்பெயரைப் பெற்று, அப்பெயரோடு நம் செம்மண்ணில் வளர்கிறது.

6. பெயர் மாற்றமும் அதன் விளைவும்

இலத்தீன் பெயர் நிலையானது என்னும் எண்ணம் தமிழாய்வாளரிடையே வலுவாக உள்ளது. உண்மையில் பேரினங்கள் இணையும்போதும் பிரியும்போதும் பெயர்கள் மாறுகின்றன. மாற்றத்தைத் தீர்மானிப்பவை உறவுமுறைச் சான்றும் முன்னுரிமை விதியும். சொல்லின் பொருளோ மொழியோ அங்கே கணக்கில் வருவதில்லை. முகியா வெள்ளரிப் பேரினமான குக்குமிஸில் இணைந்தபோது 'முக்கப்பீரி'யின் தடம் மறைந்தது. வட்டக்காக்கக்கொடியின் பெயரால் அமைந்த 'வட்டக்காக்கா' என்னும் பேரினம் டிரேஜியாவுக்கு வழிவிட்டது. டொடாலியாவை அண்மையில் ஜாந்தோக்சிலத்தில் சேர்த்துள்ளனர். புங்கத்தை 1989இல் மில்லெட்டியா பேரினத்துள் வைத்தனர். இன்றும் இரு பெயர்களும் நூல்களில் காணப்படுகின்றன. மில்லெட் என்பது ஓர் ஐரோப்பியரின் பெயர்.

மறைந்தவை மீள்வதும் உண்டு. ஜுசியே அமைத்த 'கிர்கனேலியா' நெடுங்காலம் ஃபில்லாந்தஸுள் அடங்கிக் கிடந்தது. 2022இல் வெளிவந்த வகைப்பாட்டுத் திருத்தம் அதனை மீண்டும் தனிப்பேரினமாக முன்மொழிந்தது. மேலாநெல்லிக்கு உரியதாக 'நெல்லிகா' என்னும் பழம்பெயரையும் அது மீட்டது. இதில் ஒரு முரண் உண்டு. 'கிர்கனேலியா' என்பது கீழாநெல்லியின் பெயர். ஆனால் அப்பேரினத்துள் இன்று நிற்பது பூலாச்செடி, கீழாநெல்லி அதில் இல்லை. நம் சொல் ஓரிடத்தில், நம் செடி வேறிடத்தில். இலத்தீன் பெயரில் தமிழ்ச்சொல் இருப்பதைக் கண்டு, அச்செடியே அத்தமிழ்ப் பெயருக்கு உரியது என முடிவுசெய்வோர் இங்கே தவறுவர்.

இத்தவறு சொல்லாய்வோடு நிற்பதில்லை. இந்தியாவில் கீழாநெல்லியை நெடுங்காலம் ஃபில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதிவந்தனர். நிரூரி எனத் தகும் சிற்றினம் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது என்பதும், இங்கு மஞ்சள்காமாலைக்கு அரைத்துக்கொடுப்பது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்பதும் பின்னர்த் தெளிவாயின. 'அமாரஸ்' என்றால் 'கைப்பானது'. இவ்வகைச் செடிகள் பல ஒன்றையொன்று ஒத்தவை. கடைச்சரக்கில் பல சிற்றினங்கள் கலந்திருப்பதை மரபணு அடிப்படையிலான ஆய்வுகளும் காட்டியுள்ளன. இந்நிலையில் சித்த மருத்துவச் சுவடியைப் பதிப்பிக்கும் தமிழ்த்துறையார் பழைய நூலிலிருந்து 'நிரூரி' என்று படியெடுத்தால், அப்பிழை மருந்தாய்வு வரை செல்லும். பதிப்பாசிரியரின் அடிக்குறிப்பு நோயாளியின் உடலைத் தொடும் இடம் இது.

7. தமிழ்ப் பெயர் இல்லாத செடிகள்

இம்மாவட்டங்களில் தமிழ்ப் பெயர் பெறாத செடிகளும் உண்டு. அவை கல்லில் உறைந்தவை. சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளமுள்ள அடிமரத்தை ஊரார் 'கல்மரம்' என்பர். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் இதனை வெளிப்படுத்தினார். தெரணிக் களிமண்ணில் கிடைக்கும் இலைப்பதிவுகளுள் ஒன்று டைலோஃபில்லம். 'இறகிலை' என்பது பொருள். அரியலூர் மாவட்டத்து நின்னியூர்ப் பாறைகளில் கிடைத்த பாசிகளை எல். ராமராவும் வியன்னாவைச் சேர்ந்த யூலியஸ் பியாவும் 1936இல் விளக்கினர். அவற்றுக்கு இட்ட பெயர்கள் வியப்பளிப்பவை: டிஸ்ஸோகிளாடெல்லா சாவித்ரியே, இண்டோபோலியா சத்யவந்தி, அசிக்குலேரியா த்யுமத்சேனே. சாவித்திரி, சத்தியவான், அவன் தந்தை துயுமத்சேனன் என்னும் மூவரும் மகாபாரதக் கிளைக்கதையின் மாந்தர். நின்னியூர் என்னும் ஊர்ப்பெயர் பாறைப்படிவின் பெயரானது. பாசியின் பெயருக்கு இதிகாசம் உதவியது. இலத்தீன் பெயரிடலில் இந்தியத் தன்மை என்பது எப்போதும் வட்டாரத் தன்மை ஆவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

8. ஆய்வு நெறிக்குச் சில முன்மொழிவுகள்

மேற்கண்டவற்றிலிருந்து தமிழாய்வுக்கு நான்கு நெறிகளை முன்வைக்கலாம்.

முதலாவதாக, இலத்தீன் பெயரை எழுதும்போது, அது எந்த நூலின், எந்த ஆண்டு வழக்கு என்பதைக் குறித்தல் வேண்டும். 'புன்கு – பொங்காமியா கிளாப்ரா' என்னும் பழைய பதிவைப் பிழையென நீக்காமல், இன்றைய பெயரோடு இணைத்துக் காட்டுவதே பொருந்தும்.

இரண்டாவதாக, களத்தில் பெயர் சேகரிக்கும்போது செடியின் மாதிரியை உலர்த்திப் பாதுகாக்க வேண்டும். பெயர்ப்பட்டியல் மட்டும் இருந்தால், இன்னொருவர் சென்று சரிபார்க்க இயலாது. பழைய மாதிரிகளைத் தேடுவோர் மாவட்ட வரலாற்றையும் அறிந்திருத்தல் நலம். பெரம்பலூர் 1995இல்தான் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. ஆகவே கே.எம். மேத்யூவின் கர்நாடகப் பகுதித் தாவர நூல் வெளிவந்த 1980களில் இவ்விரு பகுதிகளும் திருச்சிராப்பள்ளிக்குள்ளேயே அடங்கியிருந்தன.

மூன்றாவதாக, பெயரைச் சொன்னவரின் ஊர், தொழில் ஆகியவற்றைப் பதிவுசெய்தல் வேண்டும். ஆடு மேய்ப்பவர் சொல்லும் பெயரும் நாட்டு மருத்துவர் சொல்லும் பெயரும் ஒரே செடிக்கு வேறுபடலாம்; அவ்வேறுபாடே தரவாகும். தகவல் தந்தவர் விரும்பினால் அவர் பெயரையும் நன்றியுடன் குறிக்கலாம். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ரீட் இட்டி அச்சுதனுக்குச் செய்ததை இன்றைய ஆய்வேடுகள் பலவும் செய்வதில்லை.

நான்காவதாக, அகராதியியலும் தாவரவியலும் கூடிச் செயற்பட வேண்டும். தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த ரோட்லர் செடிகளைத் திரட்டிய தாவரவியலார். தமிழ் ஆங்கில அகராதியைத் தொகுத்தவரும் அவரே. ஒருவர் கையில் இணைந்திருந்த இவ்விரு துறைகளும் நம் பல்கலைக்கழகங்களில் வெவ்வேறு கட்டடங்களில் இயங்குகின்றன.

முடிவுரை

இலத்தீன் தாவரப் பெயர்கள் மாறாதவையும் அல்ல. ஐயத்துக்கு அப்பாற்பட்டவையும் அல்ல. 2024இல் மத்ரீத் நகரில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் பேராயம், ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் சொல்லடியாகப் பிறந்த சிற்றினப் பெயர்களின் எழுத்தை மாற்ற வாக்களித்தது. பெயருக்குள் வரலாறு இருப்பதைத் தாவரவியலாரே ஏற்றுக்கொண்டுவிட்ட காலம் இது. தமிழாய்வாளர் அப்பெயர்களை வெறும் அறிவியல் முத்திரையாக எடுத்தாள்வது இனிப் பொருந்தாது.

புங்கமும் முருங்கையும் பாவட்டையும் இலத்தீனில் இடம்பெற்றமை பெருமைக்குரியதே. ஆனால் அது நிகழ்ந்த வழியை மலையாளத்தின் பங்கோடும், பிரெஞ்சுத் தாவரவியலாரின் துணிவோடும், ஒலித்திரிபின் ஒழுங்கோடும் சேர்த்துரைக்கும்போதே அப்பெருமை நிலைபெறும். பேரினங்கள் இணையும்போது இலத்தீனில் நம் சொல் மறையக்கூடும். அதைத் தடுப்பது நம் கையில் இல்லை. பூலாம்பாடியில் பூலாச்செடி எது என்று காட்டத் தெரிந்தவர் இருக்கும்வரை அச்சொல்லுக்கும் செடிக்கும் உள்ள உறவு அறுபடாது. அவர்களிடம் கேட்டு, செடியோடு சேர்த்து எழுதிவைப்பது நம் கையில் உள்ளது. தமிழ்த்துறை ஆய்வுகள் உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணி அதுவே.